எடை ஏறாத காலைகள்

காலையில் எழுந்ததும் இருவரும் கை கழுவுவோம். ஜன்னலைச் சாத்துவேன். என் மனைவியின் வயிற்றிலிருந்து வரும் குழாயைத் திறந்து, இரவெல்லாம் உள்ளே இருந்த திரவத்தைத் தரையில் வைத்த பையில் வடிய விடுவேன். வடிந்ததும் அவள் எடைமேடையில் ஏறி நிற்பாள். நான் குனிந்து எண்ணைப் பார்ப்பேன். பிறகு புதுப் பையை மாட்டுவேன்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. பையில் இருப்பது சர்க்கரைக் கரைசல். வயிற்றுக்குள் போனதும் அது உடம்பில் தேங்கிய நீரைச் சவ்வு வழியாகத் தன் பக்கம் இழுக்கும். செறிவு கூடினால் இழுப்பும் கூடும். மஞ்சள் மூடி குறைந்த செறிவு, சிவப்பு மூடி அதிகம். எடை ஏறியிருந்தால் சிவப்பு, இல்லையென்றால் மஞ்சள். பள்ளியில் நான் நடத்தும் பாடம்தான்.

மாதக்கணக்கில் எடை ஏறவே இல்லை. மருத்துவர் சொன்ன எண்ணிலேயே நின்றது.

"பாத்தீங்களா வாத்தியாரே, சினிமாக்காரி மாதிரி உடம்ப வச்சிருக்கேன்," என்பாள்.

மஞ்சளையே மாட்டி வந்தோம்.

அன்றும் அதே எண். ஆனால் இறங்கியவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேல்மூச்சு வாங்கியது.

"என்னம்மா பண்ணுது?"

"படுத்தா மூச்சு முட்டுது. ராத்திரி உக்காந்துதான் இருந்தேன். உங்க குறட்டைதான் துணை."

சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது.

அவளுடைய கைக்கடிகாரம் முழங்கைப் பக்கம் சரிந்து கிடந்தது. கணுக்காலை அழுத்தினேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

அவள் சரியாகச் சாப்பிட்டே மாதங்கள் ஆகின்றன. சதை போயிருக்கிறது. போன அளவுக்கு நீர் சேர்ந்திருக்கிறது. எடைமேடைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மருத்துவமனை நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"ஆம்புலன்ஸ் அனுப்பறேன் சார். அதுக்குள்ள சிவப்பு போடுங்க. பாதிப் பை போதும். முழுசா விட்டா வயிறு மேல தள்ளி இன்னும் திணறும். படுக்க மட்டும் வைக்காதீங்க."

குழாய் முனை பொருந்தவே இல்லை.

"நிதானமா மாட்டுங்க. நான் என்ன, ஓடியா போகப்போறேன்?"

கரைசல் இறங்கியது. இறங்க இறங்க அவள் தோள்கள் மேலே எழும்பின. பாதியில் நிறுத்தினேன். உதட்டில் நீலம் படர்ந்திருந்தது.

"இழுக்குதா?" என்றாள்.

"இழுக்குது."

"எவ்ளோ நேரமாகும்?"

"கொஞ்சம்தான்."

மணிக்கணக்காகும். கரும்பலகையில் அதற்கு வரைபடமே போட்டிருக்கிறேன். அவள் நெஞ்சுக்குள் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். தெருவில் சைரன் கேட்டதும் பிடியை விட்டு, ஏதோ சொன்னாள். நான் வாசலுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவள் தலை சுவரில் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் வெகுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவளுடைய அக்கா அழுதுகொண்டே கேட்டாள். உங்களைத்தான் கேட்டாள் என்று சொல்லிவைத்தேன். அவள் சொன்னது இதுதான்:

"கதவத் தொறந்து வைங்க, பாவம், பெல்ல அடிச்சிட்டு நிக்கப் போறாங்க."