மஞ்சள் தட்டு

பேனாவை வாசலிலேயே பிடுங்கிக்கொள்ளும் வேலை இது. நீல மையும் கறுப்பு மையும் உள்ளே வரக்கூடாது. யாராவது வாக்குச்சீட்டில் கோடு இழுத்துவிடுவார்கள் என்று பயம். ஆளுக்கொரு சிவப்புப் பேனா தருவார்கள், சாயங்காலம் எண்ணி வாங்கிக்கொள்வார்கள். கைப்பேசி, பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே அலமாரியில். அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் இரண்டு கேமரா. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் நான்கு பேர் நாற்காலி போட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் தும்மினால்கூடக் குறித்துக்கொள்வார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் ஒன்றுக்குப் போகக் கை தூக்குவேன் என்று எந்த ஜோசியக்காரனும் எனக்குச் சொன்னதில்லை.

தபாலில் வரும் வாக்குகளைச் சரிபார்க்க உள்ளூர்த் தேர்தல் அலுவலகம் எடுத்த தற்காலிக எழுத்தர்கள் பதினாறு பேர். அதில் நான் ஒருத்தி. ஆறு வருஷமாக எனக்கு எல்லா வேலையும் தற்காலிகம்தான். தேர்தல் முடிந்ததும் மூன்று பேரை ஆவணப் பிரிவில் நிரந்தரமாக வைத்துக்கொள்வோம் என்று கண்காணிப்பாளரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பதினாறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே மனசுக்குள் கழித்துக் கழித்துக் கணக்குப் போடுகிறோம். என் கணக்கில் நான் நான்காவது.

முதல் இரண்டு வாரம் உறைகளை வட்டம் வாரியாகக் கட்டும் வேலை. மூன்றாவது வாரம் கையெழுத்து மேசைக்கு மாற்றினார்கள். மேசைக்கு இருவர். உறையின் மேலிருக்கும் கோடுகளைக் கருவியில் காட்டினால், அந்த வாக்காளர் அலுவலகத்தில் கடைசியாகக் கொடுத்த படிவத்தின் கையெழுத்து திரையில் வரும். உறையில் போட்டிருக்கும் கையெழுத்தோடு அது பொருந்தினால் பச்சைத் தட்டு. பொருந்தாவிட்டால் மஞ்சள் தட்டு. எதுவானாலும் இரண்டு பேரும் கீழே சுருக்கொப்பம் இட வேண்டும். மஞ்சளுக்குப் போனவருக்கு ஒரு கடிதம் போகும்: ஐந்து நாளுக்குள் படிவத்தில் மறுபடி கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகலோடு அனுப்பவும். அனுப்பாவிட்டால் அந்த ஓட்டு பிரிக்காமலேயே குப்பைக்குப் போகும்.

என் கூட்டாளி ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முப்பது வருஷம் காசோலைகளில் கள்ளக் கையெழுத்துப் பிடித்தவர். தன் மனைவி கையெழுத்தையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா இன்னும் அவரோடு குடித்தனம் நடத்துவதுதான் எனக்கு ஆச்சரியம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அப்பாவின் உறை வந்தது.

பெயரைப் படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கட்டத்துக்குள் தொடங்கி, மேலேறி, கட்டத்தைத் தாண்டிப் போன கையெழுத்து. இடது கையால் போட்டது. அப்பா அதைப் போட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அப்பா முப்பத்துநான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில், லிஃப்டுக்குள் ஒரு அட்டையில், பரிசோதித்த தேதியும் அவர் கையெழுத்தும் இருக்கும். "என் கையெழுத்தை நம்பித்தான் அத்தனை பேர் மேல போறாங்க" என்பார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு மூன்று வருஷமாக வீட்டில் எல்லாக் கையெழுத்தையும் நான்தான் போடுகிறேன். வங்கி, ஆஸ்பத்திரி, வாடகை எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தை அவரைவிட நன்றாகப் போடுவேன். யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஒரு நாள் காலையில் பார்த்தால் பென்சிலை இடது கையில் பிடித்து ஒரு நோட்டில் பழகிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை. அது ஆட ஆட, அதைத் திட்டிக்கொண்டே மூன்று மாதம் எழுதினார். வாக்குச்சீட்டு வந்ததும், "இந்தத் தடவை நானே போடுறேன் பாப்பா" என்றார். பத்து நிமிஷம் ஆனது. உறையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மேல ஏறிடுச்சு. பரவாயில்ல, லிஃப்ட்காரன் கையெழுத்துதானே" என்று சிரித்தார்.

திரையில் இருந்தது அழகான, சரிவான, பழைய கையெழுத்து. வீடு மாறியபோது கொடுத்த முகவரிப் படிவம். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கவுண்டரில் எங்களுக்குப் பின்னால் நீளமாக வரிசை. அப்பா இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "குடுங்கப்பா, விடிஞ்சிடும்" என்று பிடுங்கி நானே போட்டேன்.

அது என் கையெழுத்து. உறையில் இருப்பதுதான் அவருடையது.

"இது வேற ஆளு" என்றார் பூதக்கண்ணாடி. "சாய்வே வேற. பாருங்கம்மா, யாரோ வீட்ல இருக்கிறவங்க போட்டுக் குடுத்திருக்காங்க. இதெல்லாம் எனக்கு மூக்குலயே தெரியும்."

"வயசானவரா இருக்கலாம் சார். கை நடுங்கியிருக்கும்."

"இருக்கலாம். ஆனா அது நமக்குத் தெரியாதில்ல? பொருந்துதுன்னா காரணம் எழுதுங்க. மேடத்தைக் கூப்பிடுறேன்."

சிவப்புப் பேனாவும் ஒரு தாளும் எனக்கு முன்னால் இருந்தன. எழுதுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு: திரையில் இருப்பதைப் போட்டவள் நான். எழுதினால் அரசாங்கப் படிவத்தில் கள்ளக் கையெழுத்து, அதோடு வேலையும் போச்சு. சொந்தக்காரர் உறை வந்தால் கையைத் தூக்க வேண்டும் என்று வேறு எழுதி வாங்கியிருந்தார்கள். தூக்கினால் அடுத்த மேசைக்குப் போகும். அவர்களும் இதே திரையைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடிக்கு அப்பால் கட்சிக்காரர் ஒருவர் கழுத்தை நீட்டினார். கதவு ஆறடி தூரத்தில் இருந்தது. எழுந்து ஓடினால்கூடக் கை தூக்கிவிட்டுத்தான் ஓட வேண்டும்.

"பொருந்தல சார்" என்றேன்.

சுருக்கொப்பம் இட்டேன். மஞ்சள் தட்டில் நானே வைத்தேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கடிதம் மேசைமேல் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அப்பா அதை இஸ்திரி போட்டது மாதிரி நீவி வைத்திருந்தார்.

"நான் போட்டது என் கையெழுத்து இல்லையாம்" என்றார்.

"எல்லாருக்கும் அனுப்புறாங்கப்பா. சும்மா ஒரு நடைமுறை."

"உங்க ஆபீஸ்தானே? யாரு பார்த்தாங்க?"

"எட்டு மேசை இருக்கு. எந்த மேசைன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தையே பார்த்தார். "நல்லா பார்த்துத்தான் போட்டேன்" என்றார். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று தொடங்குவது என்று தெரியாமல் காபி போடப் போனேன்.

திரும்பி வந்தபோது படிவத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி வைத்திருந்தார்.

"நீயே போட்டுடு பாப்பா."

"நீங்க போடுங்கப்பா. மெதுவா போடுங்க."

"நான் போட்டா மறுபடி திருப்பிடுவாங்க. அவங்ககிட்ட இருக்கிறது நீ போட்டதுதானே? அன்னிக்கு கவுண்டர்ல." குரலில் கோபமே இல்லை. எந்தத் திருகாணி கழன்றது என்று கண்டுபிடித்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "என் ஓட்டு வீணாப் போகக் கூடாது. போடு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போட்டேன். ஒரே இழுப்பில், சரிவாக, அழகாக வந்தது. அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை படிவம் திரும்பி வந்தது. மஞ்சள் போட்ட மேசைக்கே வர வேண்டும் என்பது விதி. பூதக்கண்ணாடி திரையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

"அச்சு அசல். இதுதான் உண்மையான ஆளு. அன்னிக்கு வேற யாரையோ போட விட்டிருக்காரு, பார்த்தீங்களா?"

"ஆமா சார்."

சிவப்பு மையில் சுருக்கொப்பம் இட்டேன். ஒரே ஓட்டில் எத்தனை தடவை என் கை பட்டுவிட்டது என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். பச்சைத் தட்டு. அன்று சாயங்காலம் கண்காணிப்பாளரம்மா என்னைக் கூப்பிட்டு, மேசையில் ஒரு தவறுகூட இல்லை, ஆவணப் பிரிவுக்கு என் பெயரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். நன்றி மேடம் என்றேன். ஆவணப் பிரிவு என்றால் அந்தப் படிவங்கள் எல்லாம் இருக்கும் அறை. அதற்கும் ஜன்னல் இல்லை.

வீட்டில் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா."

"பொருந்திச்சா?"

"ம்."

"நல்லது" என்று சாப்பிடத் தொடங்கினார்.

நானும் தட்டை வைத்து உட்கார்ந்தேன். முழங்கையை ஊன்றிய பிறகுதான் கவனித்தேன், மேசை ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். குட்டைக் காலுக்கு அடியில், நான்காக மடித்து, அளவாக, அவர் இடது கையால் எழுதிப் பழகிய நோட்டு இருந்தது.