வாயைத் திறந்தபடி ஒரு பாட்டு

ஒன்பதுதான் இருக்கிறது, ஒன்பதை வைத்துக்கொண்டு பத்து என்று எந்த வாயால் சொல்வது, அதுவும் இந்த வாயால், பஞ்சு உருண்டை இரண்டு, எச்சில் உறிஞ்சும் குழாய் ஒன்று, பல் டாக்டரம்மாவின் விரல் மூன்று, குட்டிக் கண்ணாடி ஒன்று, இத்தனை பேர் குடியிருக்கிற இந்த வாயால்... நாளை சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டியல் போயாக வேண்டும், பதினேழு வருடமாக வருடக் கடைசி நாளில் போயிருக்கிறது, காய்ச்சலில் படுத்திருந்த வருடம்கூடப் போனது, ‘இந்த வருடத்தின் என் பத்துப் பாட்டு’ என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே எந்த ஊரில், எந்த வண்டியில், எந்தக் கடை வாசலில் கேட்டது என்று ஒரு வரி எழுதி, எண்பத்து மூன்று பேருக்கு அனுப்புவான். கதவுக் கைப்பிடி விற்கிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கைப்பிடியை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? கதவு திறந்ததும் கை அதை மறந்துவிடுகிறது. பாட்டு அனுப்பின ஆளை மறக்க மாட்டார்கள். வியாபாரத்துக்குப் போட்ட தூண்டில்தான், போகப் போகத் தூண்டிலில் போட்டவனே மாட்டிக்கொண்டான். இப்போது கடைக்காரர்கள், ‘கைப்பிடி சார், லிஸ்ட் எப்ப?’ என்றுதான் கேட்கிறார்கள், கைப்பிடி எப்போது என்று ஒருத்தரும் கேட்பதில்லை... கொஞ்சம் பெரிசா திறங்க சார், என்றார் டாக்டரம்மா. இதற்கு மேல் திறந்தால் உள்ளே கைப்பிடியே மாட்டலாம் அம்மா.

ஒரே ஒரு சட்டம் அவன் போட்டு வைத்திருக்கிறான், அதுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. தேடிப் பிடித்த பாட்டு செல்லாது. யாராவது அனுப்பியதும் செல்லாது. ஊர் சுற்றும்போது தானாக வந்து காதில் விழ வேண்டும், லாட்ஜ் ஜன்னல் வழியாக, முடிவெட்டும் கடையிலிருந்து, முன் சீட்டுக்காரரின் செல்போனிலிருந்து. அப்படி விழுந்த பாட்டு அந்த ஊரின் வாசனையோடு வரும், மழை நனைத்த பஸ் சீட்டின் வாசனையானாலும் சரி. துறைமுக ஊருக்கு ஒரு தொகுப்பு, மலை ஊருக்கு ஒரு தொகுப்பு, பஸ் மாறுவதற்காக மட்டும் இறங்குகிற ஊருக்குக்கூட நாலு பாட்டு சேர்த்து வைத்திருக்கிறான். எல்லாம் போன வருடத்தோடு சரி. இந்த வருடத் தொடக்கத்தில் முதலாளியின் மகன் ஒரு கேமராவைக் கையில் கொடுத்து, இனிமே அலைச்சல் வேண்டாம் சார், வீட்டிலிருந்தே காட்டுங்க, என்றான். கைப்பிடியைப் பிடித்துப் பார்க்காமல் எவன் வாங்குவான் என்று கேட்கத்தான் நினைத்தான், ஆனால் வாங்குகிறார்களே, பாவிகள், வாங்கித் தொலைக்கிறார்களே! சாப்பாட்டு மேசையில் பித்தளையும் எஃகும் பரப்பி வைத்துக்கொண்டு, வருடம் முழுக்கக் கேமரா முன்னால் கதவே இல்லாமல் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருக்கிறான். பாட்டு எங்கிருந்து வரும்? ஒன்பது தேறியதே பெரிய விஷயம், அதிலும் ஒன்று பக்கத்து வீட்டுக் கார் பின்னால் நகரும்போது பாடுவது. மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பெயின்ட் கடைக்காரர், எண்பத்து மூன்றில் முதல் ஆள், போன வாரமே ஃபோன் போட்டுவிட்டார். ‘என்ன மாப்பிள்ளை, வீட்டை விட்டு நகரவே இல்ல, இந்த வருஷம் முதலிடம் யாருக்கு, உங்க வீட்டு மிக்ஸிக்கா?’ சிரித்துச் சமாளித்தான், முதலிடம் காலி என்று சொல்ல நாக்கு வரவில்லை. இப்போது நாக்கே இல்லை, ஊசி போட்டதில் அது எங்கோ பக்கத்து அறைக்குப் போய்விட்ட மாதிரி இருக்கிறது.

பாட்டு போடலாமா சார், என்று உதவிக்கு நின்ற பெண் கேட்டதும் அவன் ஒரு மாதிரி முனகினான், வேண்டாம் என்றுதான் முனகினான், அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு எதையோ தட்டினாள். ஆஸ்பத்திரிப் பாட்டு அவனுக்குத் தெரியாதா, தூக்கத்தில் நடக்கிறவன் பியானோ மேல் விழுந்த மாதிரி ஒன்று போடுவார்கள், நோயாளிக்கு வலியே தேவலை என்று தோன்றும். முதல் பாட்டு ஓடியது, லேசான பாட்டு, காலை வெறுமனே ஆட்டச் சொல்வது. இரண்டாவது அதைவிட ஒரு பிடி வேகம். சரி, ஓடட்டும். மூன்றாவது... இரு, இரு. இது யார்? முன்னால் வாத்தியம் இல்லாமல், கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற உறவுக்காரி மாதிரி, நேராகக் குரல். பெண் குரல், கொஞ்சம் கரகரப்பு, தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரை ரொம்ப நேரம் கூப்பிட்டுக் களைத்த குரல். பின்னால் தாளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, யாரோ யோசனையில் மேசையைத் தட்டுகிறார்கள். மேலே ஏறும் என்று நினைக்கிற இடத்தில் இறங்குகிறது, இறங்கினது அங்கேயே உட்கார்ந்துகொண்டு, இப்ப என்ன செய்வே என்று கேட்கிறது... அவன் கண்ணை மூடிக்கொண்டான். பேரம் பேசுகிற குடும்பத்தில் வளர்ந்தவன், பிடித்த சரக்கைப் பார்த்தால் முகத்தில் காட்டக் கூடாது, சுமார்தான் என்று உதட்டைப் பிதுக்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது, ஆனால் பிதுக்குவதற்கு உதடு எங்கே இருக்கிறது? முகமே மரத்துக் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் உண்மையை ஒத்துக்கொண்டான். முதலிடம். யோசிக்கவே வேண்டாம், முதலிடம்.

ஆனால் இது பயணமா? ஏன் இல்லை, இரண்டு நிறுத்தம் பஸ்ஸில் வந்தான். அது போதாது என்றால் இந்த நாற்காலி நகர்ந்ததா இல்லையா, மேலே போனது, பின்னால் சாய்ந்தது, காலைத் தூக்கிக்கொண்டது, ரயில் படுக்கையில் இவ்வளவு வசதி கிடையாது. ‘கேட்ட இடம்: இடது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில்’ என்று எழுதினால் மச்சான் வாயடைத்துப் போவார். பெயர் வேண்டுமே, பாடினது யார் என்று தெரிய வேண்டுமே! செல்போனை எடுத்தால் அதுவே கேட்டுக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும், செல்போன் பேன்ட் பையில், பேன்ட் மேல் பச்சைத் துணி, துணி மேல் தட்டு, தட்டில் பார்க்கவே கூடாத கொக்கிகள். சரணம் வந்துவிட்டது. அவன் இடது கையைத் தூக்கினான். உடனே டாக்டரம்மா, வலிக்குதா சார், பாவம், என்று இன்னொரு ஊசியைக் குத்திவிட்டார். வலிச்சா இடது கையைத் தூக்குங்க என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார், மறந்தே போனான். வலது கையைத் தூக்கலாம், அதை நாற்காலிக்கும் டாக்டரம்மாவின் இடுப்புக்கும் நடுவில் வைத்திருக்கிறான், தூக்கினால் மரியாதைக்குறைவு, கேஸ்கூட ஆகலாம். கண்ணைக் கூரைப் பக்கம் உருட்டி ஒலிபெருக்கியைக் காட்டினான். மயக்கம் வருது போல, நாற்காலியை இன்னும் சாய், என்றார் டாக்டரம்மா. தலை கீழே போனது. ராவுகிற மெஷின் உறுமத் தொடங்கியது. அந்த உறுமலுக்கு அடியில் எங்கோ அவள் கடைசி வரியைப் பாடி முடித்தாள், அது என்ன வரி என்று கடவுளுக்குத்தான் தெரியும். பொறுக்காமல் இன்னொரு தடவை இடது கையைத் தூக்கினான், எல்லாம் தெரிந்தும் தூக்கினான். மூன்றாவது ஊசி. காதுமடல்வரை காணாமல் போனது.

முடிந்தது, வாயைக் கொப்புளிங்க, ரெண்டு மணி நேரத்துக்குச் சூடா எதுவும் வேண்டாம், என்றெல்லாம் சொன்னார்கள், அவன் எதையும் கேட்கவில்லை. முன்னறை மேசைக்குப் பின்னால் அந்த உதவிக்காரப் பெண் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்தான், காற்றும் எச்சிலும்தான் வந்தன, சட்டென்று கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, அவள் பேனாவையே வாங்கி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதினான்: ‘மூன்றாவது பாட்டு. பெண் குரல். யார்? ரொம்ப அவசரம்.’ அவள் படித்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி படித்தாள். ‘சார், அது உங்க பாட்டுதானே?’ என்ன? ‘உங்க வீட்டு லிஸ்ட் சார். இங்க வர்றவங்க எல்லாருமே அவங்கவங்க பாட்டு கொடுத்து வச்சிருக்காங்க, பயம் குறையும்னு டாக்டர் சொல்லுவாங்க. உங்க வீட்டு நம்பரைத் தட்டினா இதுதான் வருது. மேடம் கொடுத்தது.’ மேடமா? எந்த மேடம் என்று கையை விரித்தான். ‘உங்க மேடம்தான் சார், கணக்கு டீச்சர். இந்த வருஷம் மட்டும் நாலு தடவை பல் சுத்தம் பண்ண வந்துட்டாங்க. தேய்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மான்னு டாக்டரே சொல்லிட்டாங்க. பரவாயில்ல, மெதுவா தேயுங்கன்னு கண்ணை மூடிக்குவாங்க.’ சொல்லிக்கொண்டே கையிலிருந்த திரையை அவன் பக்கம் திருப்பினாள். மேலே, கொட்டை எழுத்தில், தொகுப்பின் பெயர்: ‘அவர் டூர் போனதும்’.

அவர் என்றால்... அவன்தான், வேறு எந்த அவர். பதினேழு வருடம், வருடத்துக்குப் பத்து, ஆக நூற்று எழுபது பாட்டையும் மனைவியை உட்கார வைத்துக் கேட்க வைத்திருக்கிறான், நூற்று எழுபதுக்கும் அவள் ஒரே எடையில், நல்லாயிருக்கு, என்றாள். காது அவ்வளவுதான் பாவம், நாள் முழுக்க வாய்ப்பாடு கேட்கிற காது என்று அவனே அவளுக்காக இரக்கப்பட்டதும் உண்டு. வீட்டு ஸ்பீக்கரை அவனைத் தவிர யாரும் தொடக் கூடாது, செட்டிங் கெட்டுப்போகும் என்று ஒரு கட்டுப்பாடு வேறு. அவளுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று ஒரு தடவையாவது... இல்லை. யோசித்துப் பார், ஒரு தடவை? இல்லை. அந்த முதல் பாட்டு, காலை ஆட்டச் சொன்னது, இரண்டாவது ஒரு பிடி வேகம், பிறகு மூன்றாவதை வாத்தியமே இல்லாமல் இறக்கியிருக்கிறாளே, அது வரிசை தெரிந்த கை, அவனே இவ்வளவு துணிச்சலாக அடுக்கியதில்லை. அவன் ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கினான், அவன் இல்லாத வீட்டையே ஊராக்கிக்கொண்டு அவள் பொறுக்கியிருக்கிறாள். இந்த வருடம்தான் அவன் போகவே இல்லையே, சாப்பாட்டு மேசை முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து திருகிக்கொண்டிருக்கிறானே, அதனால்தான் பாவம், அழுக்கில்லாத பல்லை நாலு தடவை... அவனுக்குச் சிரிப்பு வந்தது, பாதி முகம்தான் சிரித்தது, மற்ற பாதி ஒன்றும் புரியாமல் தொங்கியது. பாடினவங்க பேரு எழுதித் தரட்டுமா சார், என்றாள் அந்தப் பெண். எழுதி வாங்கினால் முதலிடம் நிரம்பும், மச்சான் வாயடைப்பார். எண்பத்து மூன்று பேரும் பார்ப்பார்கள், அவளும் பார்ப்பாள். பார்த்ததும், இவர் உள்ளே வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வாள், தொகுப்பின் பெயரை மாற்றுவாள், அல்லது மூட்டை கட்டி மேலே போட்டுவிடுவாள், கேட்டால், நல்லாயிருக்கு, என்பாள். வேண்டாம் என்று கையை ஆட்டினான், வலது கையைத்தான்.

வாசலில் நிற்கும்போது மனைவியே ஃபோனில் கூப்பிட்டாள். எடுத்தவுடன் பின்னால் ஏதோ பாட்டுச் சத்தம், சட்டென்று அது அடங்கியது. ‘என்னங்க, முடிஞ்சுதா? வலிக்குதா?’ அவள் குரலில் மூச்சு வாங்கியது. ம், என்றான். அந்த மூச்சு அவனுக்குத் தெரியும்... எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும், ஏழாவது எட்டாவது மணி அடித்த பிறகு எடுப்பாள், இப்படித்தான் மூச்சு வாங்கும், அடுப்படியிலிருந்து ஓடி வருகிறாள் என்று நினைத்துக்கொள்வான். அடுப்படிக்கும் ஃபோனுக்கும் எத்தனை அடி? ஒன்பது அடி எடுத்து வைக்கிறவளுக்கு மூச்சா வாங்கும்? அப்படியானால் அவள் நடுவீட்டில் என்னதான்... ‘எப்ப வருவீங்க?’ என்றாள். பத்து நிமிடம் என்று சொல்ல வேண்டியவன், கைக்குட்டையை எடுத்துவிட்டு, மரத்த நாக்கைப் பிடித்துத் தள்ளி, ஒரு மணி நேரம் ஆகும் என்றான். ‘ஐயோ, பரவாயில்லங்க, ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க’ என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அவனை மெதுவாக வரச்சொல்லி இந்த வருடத்தில் இன்றுதான் கேட்கிறான். வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்தது, விட்டான். தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தான். நாளைக்கு ஒன்பதுதான் போகும், மச்சான் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். கன்னத்தில் கொஞ்சமாக வலி எட்டிப் பார்த்தது. ஒரு மணி நேரம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டானே, போதுமா அது? மூன்று பாட்டு கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு அந்தத் தொகுப்பில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று அவன் பார்க்கவே இல்லை.