பூஜா மகனின் கரும்புத் தொட்டில்

கார்த்திகைத் திருவிழாவில் நேர்த்திக்கடனாகப் பூஜாவின் மகனைக் கரும்புத் தொட்டிலில் போட்டுத் தேரடித் தெருவில் தூக்கிக்கொண்டு போனபோது, வினோதினிக்கு உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்வானேன், இனிக்கத்தான் செய்தது. கரும்பில் கட்டிய மஞ்சள் புடவைக்குள் ஒன்றரை வயசுக் குழந்தை கிடக்கிறான். "செழியா, செழியா" என்று நாலு பேர் கூப்பிடுகிறார்கள், திரும்பவில்லை. பலூன்காரர் முகத்துக்கு நேரே ஆட்டுகிறார், பார்க்கவில்லை. தன் விரல்களையே கண்ணுக்கு முன்னால் விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருக்கிறான்.

"எவ்ளோ சமத்து பாரு. ஒரு அழுகை உண்டா?" என்று பூரித்தாள் கஸ்தூரி. பூஜாவின் அம்மா, வினோதினிக்கு நாத்தனார்.

"ஆமாங்கண்ணி. ரொம்ப சமத்து."

ஐந்து வருசத்துக்கு முன்னால் இதே சமத்தைத் தன் மகள் தென்றலிடம் பார்த்தவள் வினோதினி. பேர் சொன்னால் திரும்பாது. காக்காயைக் காட்டினால் காட்டுகிற விரலைத்தான் பார்க்கும். டப்பா மூடியை மணிக்கணக்கில் சுழற்றும். டாக்டரிடம் காட்டலாம் என்று வாயெடுத்ததற்குக் கஸ்தூரி எகிறிய எகிறல் இருக்கிறதே, தெருவே கேட்டது. "கரும்புத் தொட்டில் வேண்டிக்கினு தூக்காம வச்சிருக்க, புள்ள எப்டி வாய் தொறக்கும்? எங்க வம்சத்துல அந்த மாதிரி ஒண்ணு கிடையாது. உங்க வூட்டுப் பக்கம் போய்க் கேளு." புருசன் முருகவேல் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அந்தக் கார்த்திகைக்குப் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு. அடுத்த கார்த்திகைக்குத்தான் தூக்கினார்கள். தென்றல் பேசவில்லை. அப்புறம் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா இவ்ளோ லேட்டு?" அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் இதோ பட்டுப்புடவையில் முன்னால் நடக்கிறாள்.

பேகோபுரத் தெருவில் இளைப்பாற இறக்கினார்கள். கஸ்தூரி மோர் வாங்கப் போன சமயம் பார்த்துப் பூஜா நெருங்கி வந்தாள்.

"அத்த, ஒண்ணு கேக்கட்டா? அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இவன் கூப்ட்டா திரும்பவே மாட்றான். தென்றலும் சின்னதுல இப்டித்தான் இருந்தாளா?"

வினோதினி நிதானமாக முந்தானையை இழுத்துச் செருகினாள். ரெண்டு வருசம் போகட்டும். அதே டாக்டர் கேக்கட்டும், உங்கம்மா போய் பதில் சொல்லட்டும். இந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னாள்.

"சேச்சே. தொட்டில்தான் தூக்கியாச்சுல்ல, இனிமே பேசுவான் பாரு."

பூஜாவின் முகம் சட்டென்று தெளிந்தது. "நான்தான் கண்டதையும் நெனச்சு ஒரு மாசமா தூங்காம கிடந்தேன் அத்த" என்று வினோதினியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மோர் குடித்து முடித்த கஸ்தூரி, "தூக்குங்க, தூக்குங்க" என்று குரல் கொடுத்தாள். பூஜா கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தபடி கரும்புக்குத் தோள் கொடுத்தாள்.

தொட்டில் நகர்ந்தது. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். வினோதினி ஈர விரல்களைப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அந்த மஞ்சள் புடவை பத்தடி, இருபதடி என்று கூட்டத்துக்குள் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.