இருகரையும் ஏலாத முத்துவடம்

செங்கதிரோன் கடல்விளிம்பில் முகங்காட்டி அலைதோறும் பொன்னை உருக்கி வார்த்தாற்போல் ஒளிபரப்ப, பாய்மரங்கள் இலையுதிர்ந்த காடெனச் செறிந்து நிற்க, மூட்டை சுமப்போரின் அதட்டொலியும் கடற்பறவைகளின் பூசலும் தம்முள் மயங்கி எழ, உப்பும் கலம்பூசும் கீலும் ஈரக்கயிறும் கலந்த மணம் தெருக்கோடிவரை சென்று உறங்குவோரை எழுப்பும் துறைமுகம் ஒன்றின் காலைப்பொழுதை, நற்றமிழ் நயப்பீர், நும் அகக்கண்முன் நிறுத்திக்கொள்க.

அக்காலையில் மீகாமன் ஒருவன் தன் கலத்தின் முன்தலையில் அமர்ந்து, மடியிலிருந்த சிறு பேழையை, அழையாது வந்து அகலாது தங்கிவிட்ட விருந்தினனை நோக்குவான்போல் நோக்கிக்கொண்டிருந்தான். தோள் அகன்றவன், புயலுக்கு அஞ்சாதவன், ஒப்படைத்த பொருளை உரியவர் கையில் சேர்க்கும்வரை உணவும் செல்லாதவன் என வணிகரால் புகழப்பெற்றவன். பேழைக்குள் கிடந்ததோ, நிலவை நறுக்கிக் கோத்தாற்போன்ற முத்துவடம்.

விரிகுடாவின் இக்கரையில் கயிற்றுப் பட்டறை நடத்தும் தம்பியும், அக்கரையில் சாயப்பட்டறை நடத்தும் தமக்கையும், தாய் மறைந்தபின் அவள் கழுத்தணியைப் பங்கிடப் புகுந்து பிணங்கினர். ‘எனக்கு வேண்டா, நீயே கொள்’ என அன்பில் தொடங்கிய பேச்சு, ‘உன் இரக்கம் எனக்கெதற்கு’ எனத் தடித்து, ஆண்டுகள் பல ஒருவர் வாயிலை ஒருவர் மிதியாத பகையாய் முற்றியது. இவ்வாண்டு தம்பி அவ்வடத்தை மீகாமனிடம் தந்து தமக்கைக்கு அனுப்ப, அவள் மறுத்துத் திருப்ப, அவன் வாங்காது மீண்டும் அனுப்ப, முத்துக்கள் சிப்பியுள் கிடந்த நாளினும் மிகுதியாகக் கடலில் அலைந்தன.

அன்றும் மீகாமன் கயிற்றுப் பட்டறைக்குச் சென்றான். இடுப்பில் நாரைச் சுற்றிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே புரி திரித்துக்கொண்டிருந்த தம்பி, பேழையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அது அக்கா பொருளுங்க. நான் தொடமாட்டேன். மறுபடியும் கொண்டுபோய்க் குடுங்க.”

“இன்னும் எத்தனை தடவைங்க? எவனாவது மோப்பம் பிடிச்சான்னா என் தலைதான் உருளும்.”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

சலிப்பின் மிகுதியால், தானே எண்ணியிராத சொல்லொன்று மீகாமன் வாயினின்று நழுவிற்று. “அப்போ என் பொண்டாட்டி கழுத்துல போட்டுடறேன். ரெண்டு பேருக்கும் வேண்டாத பொருள்தானே.”

தம்பியின் விரல்கள் நின்றன; திரித்த புரி தானே அவிழ்ந்தது. “எங்க அம்மா போட்டிருந்ததுங்க அது” என்றான். அம்முகத்தில் தோன்றிய கலக்கத்தைக் கண்ட மீகாமன் பேழையை எடுத்துக்கொண்டு நடந்தான். அச்சொல் உள்ளத்தைத் தைத்ததென உணர்ந்து, அதையே அக்கரையிலும் சென்று உரைத்தான். தமக்கை, சாயம் கிளறும் கோலை அவன்மேல் ஓங்க, தெறித்த அவுரி நீலத்தால் அவன் தாடியின் ஒரு பாதி மயிற்கழுத்தாயிற்று.

இருவரும் தனித்தனியே துறைமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். மீகாமன் கள்ளனானான் என்னும் அலர் காற்றினும் விரைந்து பரவ, வணிகர் தத்தம் மூட்டைகளை இறக்கிச் சென்றனர். கலம் வெறுங்கூடாய் மிதந்தது. “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?” என்றாள் மனைவி.

வழக்கு நாளில் தம்பி ஒரு வாயிலாலும் தமக்கை மறுவாயிலாலும் மன்றம் புகுந்து, ஒருவரையொருவர் கண்டு திகைத்தனர். நடுவராகிய அம்மையார் கேட்டார்: “வடம் யாரோடது?”

“அக்காவோடது.”

“தம்பியோடது.”

“ரெண்டு பேரும் தன்னோடது இல்லேங்கறீங்க. அப்புறம் எதுக்கு வழக்கு? கேட்பார் இல்லாத சரக்கு கலக்காரருக்குத்தான் சேரும். அப்படியே தீர்ப்பு எழுதிடட்டுமா?”

மீகாமன் பேழையைத் தன்னினின்று தள்ளிவைத்தான். அத்தீர்ப்பு வருமாயின் முத்து அவனதாகும். ஈட்டிய நற்பெயரோ என்றும் அவனதாகாது.

“எழுதாதீங்கம்மா” என்றாள் தமக்கை. “அது எங்களோடது.”

பல்லாண்டாக அவ்விருவர் வாயிலும் வாராதிருந்த அச்சொல், வறண்ட வாய்க்காலில் முதல் நீர்போல் மன்றமெங்கும் பரந்தது. தம்பி தலைநிமிர்ந்தான். “ஆமாங்க. எங்களோடதுதான்” என்றான், குரல் தாழ்ந்து.

“அப்போ சேர்ந்து கையை நீட்டுங்க” என்றார் நடுவர்.

நீலந்தோய்ந்த கையும் கயிறு திரித்துக் காய்த்த கையும் அருகருகே நீள, மீகாமன் வடத்தை அவற்றின்மேல் இட்டான்.

“இளைச்சுப் போயிட்டியேடா. ஒழுங்கா சாப்பிடறியா?”

“நீயும்தான் நரைச்சுப் போயிட்டே.”

“வாய் மட்டும் அப்படியே இருக்கு.”

வடம் யார் வீட்டில் இருப்பது என அங்கேயே மீண்டும் வாதிடத் தொடங்கினர். “வெளியே போய்ச் சண்டை போடுங்க” என அம்மையார் நகைத்து விடுக்க, இருவரும் இணைந்து நடந்தே பூசலிட்டுச் சென்றனர். பின் அவர் மீகாமனை நோக்கி, “உண்மையாவே உங்க வீட்டம்மாவுக்குப் போடறதா இருந்தீங்களா?” என்றார்.

“போட்டிருந்தா அவ என்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டாம்மா.”

அவன் கரைக்கு மீண்டபோது, முன்னர் மூட்டை இறக்கிய வணிகரே நிலம் நோக்கி நின்று, இடம் உண்டோ என வினவினர். கடல் கடந்து பொருள் சேர்த்தல் காற்றறிந்தார்க்கு எளிது. ஒருவயிற்றில் பிறந்து பிணங்கியார் இருவரிடையே ஒரு சொல்லைக் கொண்டுசேர்த்தலோ எக்கலத்திற்கும் அரிது. அவ்வரிய சரக்கும் அன்று கரையேறிற்று என்பதை அறிந்தனபோலும், அலைகள் துறையின் கற்படிகளைத் தட்டித் தட்டி நெடும்பொழுது நகைத்திருந்தன.