எல்லாம் நார்மல்

பிரேமின் ரத்தத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்பது யசோதாவுக்கு மனப்பாடம். ஹீமோகுளோபின் பதினாலரை. வெறும் வயிற்றில் சர்க்கரை தொண்ணூற்றிரண்டு. தைராய்டு சரி, ஈரல் சரி. ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினெட்டு வருஷமாக டெக்னீஷியனாக இருப்பவள் அவள். எட்டு மாதத்தில் ஐந்து முறை கட்டிய புருஷனின் ரத்தத்தைத் தன் கையாலேயே எடுத்து, தானே மெஷினில் வைத்து, தானே ரிப்போர்ட்டும் அடித்தாள். ஐந்து முறையும் எல்லாம் நார்மல்.

ஆனால் பிரேமுக்குத் தூக்கம் போயிருந்தது. நெஞ்சின் மேல் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்பான். வலது கை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை திடீரென்று மரத்துப்போகும். சோற்றைப் பிசைந்தபடியே நிறுத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவன் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறினால் இருட்டியபின்தான் வீடு. அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த சைலஸ் சில நிலையங்கள் தள்ளி, கோரமண்டலில் ஏறுவான். முதலில் ஏறுகிற பிரேம், பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து அவனுக்கு இடம் பிடித்து வைப்பான். பதினொரு வருஷம் அப்படித்தான் போய் வந்தார்கள். போன ஜூன் மாதம், மாலூர் தாண்டி, கதவோரம் நின்றிருந்த சைலஸ் ரயிலிலிருந்து தவறி விழுந்து செத்துப்போனான். பிரேம் அதே பெட்டியில்தான் இருந்தான்.

யசோதா கல்லறைவரை போனாள். சைலஸின் மனைவி ரெபேக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு வாரம் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோனாள். ஒரு மாதம் கழித்து பிரேம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டபோது அவளுக்கு சைலஸ் ஞாபகமே வரவில்லை. துக்கம் ஒரு பக்கம், வலி ஒரு பக்கம் என்றுதான் அவள் இருந்தாள். கூட்டாளி செத்தால் துக்கம் வரும், போகும். நெஞ்சு வலித்தால் ஈசிஜி எடுக்கவேண்டும்.

எடுத்தாள். கோலாரில் எக்கோ, பெங்களூரில் நரம்புக்கான பரிசோதனை, வயிற்றுக்குள் குழாய்விட்டுப் பார்த்தது என்று விடுப்பு விடுப்பாகப் போட்டு அலைந்தாள். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல" என்று சந்தோஷமாகச் சொல்வாள். அதைக் கேட்டதும் அவன் முகம் சுண்டிப்போகும். நோய் இல்லை என்றால் இந்த மனிதனுக்கு ஏன் வருத்தம் என்று அவளுக்கு எரிச்சலாக வரும். கடைசியில் ஒருநாள் சொல்லியும்விட்டாள்:

"ஒண்ணும் இல்லாததுக்கு நானும் எங்கதான் ஓடறது? சும்மா வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தா வலிக்கத்தான் செய்யும்."

அதற்கப்புறம் அவன் வலியைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பிரேம் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தான். தானும் ஒரு காம்பை எடுத்து உருவ ஆரம்பித்தான்.

"யசோ, அன்னிக்கு சைலஸ் ஏறசொல்ல..."

"நாளைக்கு ஃபாஸ்டிங் எடுக்கணும்ங்க. ராத்திரி எட்டு மணிக்குள்ள சாப்ட்டுடுங்க. காலையில காபி கீபி குடிச்சிறாதீங்க" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி, "இன்னா சொன்னீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றான். கீரை முழுவதையும் உருவி முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

அந்தச் சமயத்தில்தான் புத்த விகாரையை ஒட்டிய கூடத்தில் வாணி என்றொரு டாக்டர் ஞாயிறுதோறும் காலையில் வரத் தொடங்கினார். முதலில் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பார், சாப்பாடு தூக்கமெல்லாம் விசாரிப்பார். பிறகு மூச்சைக் கவனித்தபடி அரைமணி நேரம் உட்காரவேண்டும். அதன்பின் விருப்பமிருப்பவர்கள் பேசலாம், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும். மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தூசியில் நெஞ்சு கெட்ட பென்ஷன்காரர்கள்தான் முதலில் போனார்கள். பிறகு பிரேமும் போனான். யசோதாவையும் கூப்பிட்டான்.

"மூச்சு விடறதுக்கு ஒரு கிளாஸா?" என்று அவள் சிரித்தாள். "நாப்பத்தஞ்சு வருஷமா தானாதானே விட்டுக்கினு கீறீங்க?"

அவன் மறுபடி கூப்பிடவில்லை. ஆனால் ஒரு ஞாயிறுகூட விடவில்லை. மூன்று மாதத்தில் அவனுக்குத் தூக்கம் திரும்பியது. கை மரத்துப்போவதும் எப்போதாவது என்றாகிவிட்டது. தான் வாரந்தோறும் பாலில் கலந்து கொடுத்த வைட்டமின் பொடிதான் வேலை செய்திருக்கிறது என்று யசோதா லேபில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலை ரெபேக்கா சர்க்கரை பார்க்க லேபுக்கு வந்தாள். யசோதா அவள் கையில் ரப்பரைக் கட்டி, நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தபோது ரெபேக்கா கேட்டாள்:

"பிரேம் அண்ணா இப்ப நல்லா தூங்குறாராக்கா?"

"அவரு தூங்கலன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"அவரேதான். ஆயுதபூஜை முடிஞ்ச வாரம் வூட்டுக்கு வந்துருந்தாரே." ரெபேக்கா அவளை வியப்பாகப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா."

ஊசி ஏறியது. ரத்தம் குழாயில் நிறைந்தது. ரெபேக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு போறதுக்கு மொத நாளு லீவு விஷயமா ரெண்டு பேருக்கும் ஏதோ வாய்த்தகராறாம். அந்தக் கோவத்துல மறுநாள் பிரேம் அண்ணா இவருக்கு எடம் புடிச்சி வெக்கல. இவரு ஏறசொல்ல கண்ண மூடிக்கினு தூங்கறமாதிரி இருந்துட்டாராம். 'டேய் பிரேமு'ன்னு இவரு ரெண்டுவாட்டி கூப்ட்டாராம். அப்பவும் தொறக்கலையாம். அப்பறம்தான் இவரு கதவாண்ட போயி நின்னுட்டாரு."

யசோதா ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"எங்கால புடிச்சிக்கினு அழுதாருக்கா. எனக்கு அப்ப கோவந்தான் வந்துச்சி. எழுந்து போங்கண்ணான்னு சொல்லிட்டேன். பத்து நாள் கழிச்சி மனசு கேக்காம நானே போன் பண்ணேன். எடம் கெடச்சாலும் மாலூர் தாண்டினா காத்துக்குன்னு கதவாண்ட போயி நிக்கிறவருதான் எங்க வூட்டுக்காரரு. அதச் சொன்னேன்."

ரெபேக்கா போனபின் யசோதா குழாயில் பெயரெழுதி ஒட்டினாள். அன்றைக்கு இன்னும் முப்பது பேருக்கு ரத்தமெடுத்தாள். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. முருங்கைக்கீரை உருவிய அந்த மத்தியானம் மட்டும் திரும்பத் திரும்ப அவள்முன் வந்து நின்றது. சைலஸ் ரயிலில் ஏறும்போது நடந்ததைச் சொல்ல வந்தவனை, 'ஏறசொல்ல' என்ற இடத்திலேயே அவள் வெட்டியிருந்தாள். இன்னும் இரண்டு நிமிஷம் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

அன்று மாலை பிரேம் வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும் டீயை வைத்துவிட்டு, "ரெபேக்கா வந்திருந்தா" என்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. டம்ளரை எடுக்கவில்லை.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொல்ல வந்தேன். ரெண்டு மூணு வாட்டி வந்தேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எங்க வலிக்குதுன்னு கேட்ட, காட்டினேன். அத்தத் தவிர நீ ஒண்ணும் கேக்கல, யசோ. எனக்காக நீ எம்மா அலைஞ்சன்னு எனக்குத் தெரியும். அத நான் கொற சொல்லல."

"இப்ப சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"வேணாம். கூடத்துல ஒருவாட்டி சொன்னேன், ரெபேக்காகிட்ட ஒருவாட்டி சொன்னேன். இன்னொரு வாட்டி அதுக்குள்ள போயிட்டு வர எனக்குத் தெம்பு இல்ல."

அடுத்த ஞாயிறு அவள் அவனோடு கூடத்துக்குப் போனாள். ஆட்கள் சேர்வதற்குமுன் டாக்டர் வாணியைத் தனியாகப் பார்த்து, தான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நீங்க எடுத்த டெஸ்ட் எதுவுமே வீண் இல்லம்மா" என்றார் டாக்டர். "நெஞ்சுவலின்னு யார் வந்தாலும் நானும் மொதல்ல ஈசிஜிக்குத்தான் அனுப்புவேன். அவரையும் உங்க ரிப்போர்ட்டையெல்லாம் பாத்த பிறகுதான் உக்காரச் சொன்னேன். ஆனா நார்மல்னு வந்ததும் வலியே இல்லன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. வலி நெஜந்தான். உடம்பு தனியா மனசு தனியாவா அவர் ரயிலேறிப் போய் வந்தாரு? ரெண்டும் சேந்துதானே போச்சு."

"இப்ப நான் இன்னா பண்ணணும் டாக்டர்?"

"பக்கத்துல உக்காருங்க. ஒண்ணும் கேக்காதீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தாள். கண்ணை மூடியதும் மூச்சு ஒரு பக்கம் போக, நினைப்பு ஒரு பக்கம் ஓடியது. பேசுகிற நேரம் வந்தபோது பிரேம் முழங்கால் வலியைப் பற்றியும், தொழிற்சாலையில் புதிதாக வந்திருக்கும் மெஷினைப் பற்றியும் பேசினான். ஏதோ சொல்லிச் சிரிக்கவும் செய்தான். பக்கத்திலிருந்த பென்ஷன்காரர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். அந்த ரயிலில் நடந்ததை அவன் வாயாலேயே கேட்டவர்கள் அவர்கள். எப்படி அழுதான், எந்த இடத்தில் குரல் உடைந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். இருபது வருஷம் கூடவே குடித்தனம் செய்த அவளுக்கு ரெபேக்கா சொன்ன நாலு வரிதான் தெரியும்.

இப்போதெல்லாம் அவன் வேலையிலிருந்து வந்ததும் அவள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். "எப்படி கீறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.

"நல்லாத்தான் கீறேன், யசோ" என்கிறான் அவன்.

அது பொய்யில்லை. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். பிறகு இருவரும் சாப்பிட எழுந்துகொள்கிறார்கள்.