மேலே வைத்த கடிதம்

என் மகன் ராணுவத்தில் சேரக் கூடாது என்று ஆறு மாதம் சண்டை போட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெரிய தியாகத் தாய் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்குச் சொந்த ஊர் பிலிப்பைன்ஸில் பத்தங்காஸ். சிங்கப்பூருக்கு வந்து பதினாறு வருடமாகிறது. நான் தாதி. என் கணவர் ரெனாட்டோ விமானம் பழுதுபார்க்கும் கூடத்தில் வேலை பார்க்கிறார். மூன்று பேரிடமும் நிரந்தரவாசி அட்டை உண்டு, குடியுரிமை கிடையாது. முதலில் வந்த எங்களுக்கு ராணுவச் சேவை இல்லை, எங்கள் மூலம் அட்டை வாங்கிய மகன் ஜோமெலுக்கு இரண்டு வருடம் கட்டாயம் உண்டு. வேண்டாமென்றால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் பிறகு படிக்கவோ வேலைக்கோ இங்கே கேட்டு வந்தால், சேவை செய்யாமல் போனவன் என்பதையும் பார்ப்பார்கள்.

போனால் போகட்டும் என்றுதான் நான் இருந்தேன். அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் படிவத்தை வாங்கி, கட்டம் கட்டமாக நிரப்பி, என் சீருடைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அவன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"இந்த ஊர்ச் சோத்தத் தின்னுதான வளந்தான்? ரெண்டு வருஷம் செஞ்சா என்ன தேஞ்சா போயிடுவான்?" என்பார் ரெனாட்டோ.

"சோறு நான் ஆக்கிப் போட்டது. ஊரு ஒண்ணும் ஊட்டி விடல" என்பேன்.

ரெனாட்டோவுக்குக் காகிதம் என்றால் உயிர். பச்சைக் கோப்பு ஒன்று வைத்திருந்தார். ஜோமெலின் மருத்துவப் பரிசோதனைக் கடிதம், சேர வேண்டிய நாள் போட்ட கடிதம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். என் மறுநுழைவு அனுமதியைக்கூடப் போன வருடம் அவர்தான் புதுப்பித்தார். நிரந்தரவாசி வெளிநாடு போய்விட்டு நிரந்தரவாசியாகவே திரும்ப அந்த அனுமதி வேண்டும்.

ஜோமெல் சேர இரண்டு வாரம் இருக்கும்போது ரெனாட்டோவின் அண்ணன் ஊரில் இறந்துபோனார். பெரியப்பாவைப் பார்க்க நானும் வருகிறேன் என்றான் ஜோமெல். ரெனாட்டோ ராணுவ அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் போட்டார். சில நாள் பயணத்துக்கு அனுமதி தேவையில்லை, குறித்த தேதிக்கு ஆள் இருந்தால் போதும் என்றார்கள். அப்படியும் மனசு கேட்கவில்லை.

"புயல் வந்து விமானம் நின்னுட்டா? தேதிக்கு ஆள் இல்லன்னா ஜெயிலுடா. நீ இங்கயே இரு" என்று அவனை நிறுத்திவிட்டுத் தனியாகக் கிளம்பினார்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடித்துத் திரும்பியவர் கையில் காய்ந்த மாம்பழப் பொட்டலங்களோடு வாசலில் அப்படியே நின்றார்.

"மாரிவிக், என் அனுமதி முடிஞ்சுபோச்சு. போறதுக்குப் பதினோரு நாள் முன்னாடியே முடிஞ்சிருக்கு."

"என்ன அனுமதி?"

"மறுநுழைவு. அட்டைய வாங்கிக்கிட்டாங்க. முப்பது நாள் விருந்தாளின்னு முத்திரை போட்டு விட்டாங்க."

போகும்போது விமான நிலைய வாயிலில் யாரும் தடுக்கவில்லை. கட்டை விரலை வைத்தார், கதவு திறந்தது, போய்விட்டார். மகனின் தேதியைக் காவல் காத்த மனுஷன் தன் தேதியைப் பார்க்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. அந்த அட்டை இல்லாமல் அவர் வேலை பார்க்கும் கூடத்துக்குள் கால் வைக்க முடியாது.

மறுநாள் குடிநுழைவு அலுவலகத்தில் கேட்டோம். விண்ணப்பிக்கலாம், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார்கள். இந்த நாட்டோடு உள்ள தொடர்பைக் காட்டும் காகிதம் என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் வைக்கச் சொன்னார்கள்.

ஜோமெல் சேர இன்னும் நான்கு நாள். சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பினேன். வரிக் கடிதம், வேலைச் சான்று, வீட்டு ஒப்பந்தம். எத்தனை முறை அடுக்கினாலும் எல்லாவற்றையும்விடப் பலமான காகிதம் ஒன்றுதான் இருந்தது. எதைக் கிழிக்க ஆறு மாதம் அலைந்தேனோ, ஜோமெல் சேர வேண்டிய நாள் போட்ட அந்தக் கடிதத்தை நகலெடுத்து என் கையாலேயே எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

ஜோமெல் தண்ணீர் குடிக்க வந்தவன் பார்த்துவிட்டான்.

"அம்மா, இப்ப நான் போகணுமா, வேண்டாமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

ரெனாட்டோ கடிதத்தை உருவி எடுத்தார். "இது வேணாம். எனக்காக அவன் போகக் கூடாது. அதோட, இன்னும் சேரவே இல்ல. சேந்துட்டான்னு பொய் எழுத மாட்டேன்."

நான் எழுந்துபோய்ச் சீருடைகளுக்கு அடியிலிருந்த படிவத்தைக் கொண்டுவந்து ஜோமெல் முன்னால் போட்டேன். "நாலு நாள் இருக்கு. கையெழுத்துப் போட்டா நீ போக வேணாம். அப்பா விஷயம் அப்பாவோட."

அவன் அதை முழுக்கப் படித்தான். "பிறந்த தேதிய தப்பா எழுதியிருக்க" என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஆறு மாசமா நீ வேணாம்னே, அப்பா போன்னாரு. ரெண்டு பேரும் என்னக் கேக்கவே இல்ல. மணிலா ஏர்போர்ட்ல எனக்கு வெளிய வர்ற வழிகூடத் தெரியாதும்மா. என் சிநேகிதனுங்க எல்லாரும் ராணுவத்துக்குப் போயிட்டானுங்க. நான் போறேன். அப்பா போகச் சொன்னாருன்னு இல்ல, அட்டைக்காகவும் இல்ல."

படிவத்தை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தான்.

ஜோமெல் சேரும் நாளான செவ்வாய்க்கிழமை, பயிற்சி முகாம் இருக்கும் தீவுக்குப் படகில் போனோம். பெற்றோர் எல்லாருக்கும் 'விருந்தாளி' என்று ஒரு பட்டை கொடுத்தார்கள். ரெனாட்டோ அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, "எனக்கு ரெண்டாவது" என்றார். பயிற்சிப் பையன்கள் சாப்பிடும் கூடத்திலேயே எங்களுக்கும் சோறு. ஜோமெல் என் தட்டிலிருந்த கோழியையும் எடுத்துத் தின்றான். போகும்போது என்னை மட்டும் கட்டிப்பிடித்து, "கோப்ப இன்னிக்கே கொடுத்துடு" என்று காதில் சொன்னான்.

படகுத்துறையிலிருந்து நேராகக் குடிநுழைவு அலுவலகம் போனோம். வரிசையில் உட்கார்ந்து ரெனாட்டோ கோப்பைத் திறந்தபோது அந்தக் கடிதம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. ஜோமெல்தான் வைத்திருக்கிறான்.

முடிவு வர எத்தனை வாரம் ஆகுமோ தெரியாது. முப்பது நாளுக்குமேல் அப்பா இங்கே இருக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு அனுமதியில்லாமல் பிள்ளை இங்கிருந்து போக முடியாது.

முகப்பிலிருந்த பெண் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மகன் எப்பச் சேர்றாரு?"

ரெனாட்டோ என்னைப் பார்த்தார்.

"சேந்துட்டான்" என்றேன். "இன்னிக்குக் காலையில."