வந்து சேராத ஜன்னல்

‘இனி என்னால் இதைப் பராமரிக்க முடியாது’ என்று எழுத ஒரு வரி போதும். ஐலீன் அந்த ஒரு வரியை மத்தியானத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே மலேசியாவின் குளுவாங் நகரத்துச் சனிக்கிழமை மழை கூரையைப் போட்டு அடித்தது.

எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்காக எழுதிய இயங்குதளம் அது. உலகத்தில் அதைப் பயன்படுத்துகிற மொத்தப் பேரையும் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடலாம். முதலில் அதில் வெறும் எழுத்து மட்டும்தான் வரும். வேறோர் இயங்குதளத்துக்கென்று இருந்த, திரையில் படங்களை வரைந்து காட்டும் ஜன்னல் நிரலை அக்கு அக்காகப் பிரித்து இதில் பொருத்தியவள் ஐலீன். அன்று முதல் எட்டு வருஷம், அடியில் யாராவது எதையாவது மாற்றி மேலே ஜன்னல் திறக்காமல் போகும்போதெல்லாம் அவள்தான் உட்கார்ந்து சரிசெய்தாள். காலணா வருமானமில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டாள் என்று கணவன் கென்னத் கிண்டல் செய்வான். அவனுக்கும் தெரியும், தொழிற்சாலையில் அவளுடைய வேலை அடுத்தவர் செய்த சர்க்யூட் பலகைகளைச் சோதிப்பது. அவளே செய்தது என்று சொல்லிக்கொள்ள இந்த ஒன்றுதான் இருந்தது.

இப்போது பல்கலைக்கழகத்தார் அந்த இயங்குதளத்தைக் கையகலச் சர்க்யூட் பலகை ஒன்றுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஐலீனின் மேஜைமேல் இருந்த அதில் கேபிளைச் செருகி விசாரித்தால் ஜன்னல் நிரல் நன்றாக ஓடுவதாகப் பலகை பதில் சொன்னது. திரை மட்டும் கரிக்கட்டையாக இருந்தது. தொழிற்சாலைப் பழக்கப்படி மிகச் சிறியதைக் கொண்டே சோதித்தாள். ஒரு குட்டிக் கடிகாரம், வேறொன்றும் இல்லை. இரண்டு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் பிழை அகப்படவில்லை. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஜன்னல் நிரலை அடுத்த வெளியீட்டிலிருந்து எடுத்துவிடுவதாகப் பல்கலைக்கழகத்தார் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த மரியாதைதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

பலகை சும்மா கிடப்பானேன் என்று, கடிகாரத்தை நிறுத்தாமலே, யாரோ கேட்டிருந்த பெரிய நிரல் ஒன்றை இயந்திரமொழிக்குத் தொகுக்கும் கனத்த வேலையை அதற்குக் கொடுத்துவிட்டு, மறுபடி கடிதத்துக்குத் திரும்பினாள். கென்னத் தேநீரோடு உள்ளே வந்தவன் அப்படியே நின்றான்.

“ஸ்கிரீன்ல கோடு கோடா என்னமோ வருது பாரு. கெட்டுப்போச்சா?”

ஐலீன் திரும்பினாள். கறுப்பில் ஒரு சின்ன வெள்ளைக் கீற்று. தள்ளி இன்னொன்று. சிமெண்டுத் தரையில் முதல் தூறல் விழுவதுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்துகொண்டே இருந்தன. பிறகு ஓர் ஓரம் வளைந்தது. வட்டம். அவளுடைய கடிகாரம்.

பலகையின் மூளையான செயலிக்குள்ளேயே ஒரு சிறிய நினைவகம் உண்டு. அடிக்கடி தொடுவதை அங்கேயே வைத்துக்கொள்ளும். இடம் போதாதபோதுதான் வெளியே உள்ள பெரிய நினைவகத்துக்குத் தள்ளும்; திரை பார்ப்பதோ அந்த வெளி நினைவகத்தை மட்டும்தான். திரைக்குரிய இடத்தையும், உடனுக்குடன் வெளியே அனுப்பச் சொல்லாமல், சாதாரண இடமென்றே அவள் எழுதியிருந்தாள். அந்தக் குட்டிக் கடிகாரம் மொத்தமும் உள்ளேயே அடங்கிவிட்டது. இப்போது தொகுக்கும் வேலை வந்து நெருக்க, உள்ளே இருந்த படம் துண்டு துண்டாக வெளியே வருகிறது. இரண்டு வாரம் அவள் செத்துவிட்டதென்று நினைத்தது, ஒரு நொடி தவறாமல் தன்னை வரைந்துகொண்டே இருந்திருக்கிறது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கென்னத்துக்குச் சொன்னாள். பாதி புரிந்தது அவனுக்கு.

“அப்ப இத்தன நாளா உள்ள ஓடிக்கிட்டா இருந்துச்சு?”

“ஓடிக்கிட்டுதாங்க இருந்துச்சு. நம்ம கண்ணுக்குத்தான் வந்து சேரல.”

“அலமாக்,” என்று மலாயில் வியந்தான் அவன், மெதுவாக.

ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். எந்த வரி என்றும் தெரியும். ஆனாலும் அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. கென்னத் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு கீற்றும் ஒவ்வொரு நொடியில் வெளியே வந்ததால் நொடி முள் ஒரே சமயத்தில் நான்கு இடங்களில் நின்றது: இரண்டுக்குப் பக்கத்தில் அதன் நுனி, ஐந்தருகே நடுத்துண்டு, ஒன்பதிலும் பதினொன்றிலும் பொடிப்பொடியாக. கடிகார முகத்தின் அடி ஓரம் இன்னும் இருட்டாகவே இருந்தது. அங்கே, ஆறு இருக்கவேண்டிய இடத்தில், ஒரு வெள்ளைக் கீற்று விழுந்தது.